மின்சாரத்துக்கு ஒருவழிப் பாதை

திருமலையில் இறங்கும் பஸ், கரகம்பாடியில் தயாராகும் பேட்டரி, காதங்கியில் வானத்துக்குக் காது கொடுக்கும் ரேடார். மூன்றுக்கும் அடியில் இருப்பது சின்னஞ்சிறு டயோடு.

திருமலைக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும்: ஏற ஒரு பாதை, இறங்க இன்னொரு பாதை. 1944-ல் திறக்கப்பட்ட பழைய மலைப்பாதை இன்று இறங்கும் வண்டிகளுக்கு. ஏறுகிறவர்களுக்குப் பின்னாளில் போட்ட இரண்டாவது பாதை. எதிரே வண்டி வராது என்ற தைரியத்தில்தான் அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் டிரைவர் ஸ்டியரிங்கை ஒடிக்கிறார். கோவிந்தா கோஷத்தில் மூழ்கியிருக்கும் பயணிகள் இதைப் பற்றி யோசிப்பதில்லை. யோசிக்கத் தேவையில்லாமல் இருப்பதுதான் ஒருவழிப் பாதையின் பெருமை.

2022 செப்டம்பரில் இந்த மலைப்பாதைகளில் பேட்டரி பஸ்கள் ஓடத் தொடங்கின. ஏறும்போது பேட்டரியைக் காலி செய்யும் பஸ், இறங்கும்போது கொஞ்சம் திருப்பித் தருகிறது. சரிவில் டிரைவர் வேகத்தை மட்டுப்படுத்தும்போது சக்கரங்கள் மோட்டாரைச் சுழற்றுகின்றன. மோட்டார் ஜெனரேட்டராக மாறி மின்சாரம் தருகிறது. ஆனால் அது தருவது திசை மாறி மாறிப் பாயும் ஏசி மின்சாரம். பேட்டரிக்கு வேண்டியது ஒரே திசையில் பாயும் டிசி. இரண்டுக்கும் நடுவே, போக விடுவேன், திரும்ப விடமாட்டேன் என்று சொல்கிற ஒரு காவல்காரன் தேவை. அந்தக் காவல்காரனின் பெயர் டயோடு. டயோடுகளைச் சேர்த்து ஏசியை டிசியாக மாற்றும் அமைப்புக்குப் பெயர் ரெக்டிஃபயர்.

பாலிடெக்னிக் மாணவர்கள் எலெக்ட்ரானிக்ஸ் புத்தகத்தின் முதல் சில பக்கங்களில் இதைப் படிக்கிறார்கள். பலர் பரீட்சைக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறக்கிறார்கள். ஆனால் சித்தூரையும் திருப்பதியையும் சுற்றி ஒரு சுற்று வந்தால், அந்த முதல் பாடத்தை நம்பி எத்தனை பேரின் பிழைப்பும் பத்திரமும் இருக்கின்றன என்பது தெரியும்.

வரிசையில் ஒரு காலி இடம்

வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதாவது ஒரு விநாடியில் 50 முறை முன்னே போய், 50 முறை பின்னே வருகிறது. மின்விசிறிக்கும் கிரைண்டருக்கும் இது போதும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்டேஜை ஏற்றவும் இறக்கவும் முடிவதால், தொலைதூரம் கொண்டுபோக ஏசிதான் வசதி. ஆனால் டி.வி.யின் உள்ளே இருக்கும் சிப்புகள், செல்போன், இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாவற்றுக்கும் டிசி வேண்டும். ஆகவே ஒவ்வொரு வீட்டிலும், ஒவ்வொரு சார்ஜரிலும் இந்த மாற்றம் சத்தமில்லாமல் நடந்துகொண்டே இருக்கிறது.

எப்படி? மணலிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்த சிலிக்கானில் ஒவ்வோர் அணுவும் தன் நான்கு வெளி எலெக்ட்ரான்களையும் அக்கம்பக்கத்து அணுக்களோடு பிணைத்துக்கொண்டிருக்கும். சுதந்திரமாக அலைய எலெக்ட்ரான் கிடைப்பது அரிது. ஆகவே சுத்தமான சிலிக்கான் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அதில் ஐந்து வெளி எலெக்ட்ரான்கள் உள்ள பாஸ்பரஸைத் துளி கலந்தால், ஒவ்வொரு பாஸ்பரஸ் அணுவுக்கும் ஓர் எலெக்ட்ரான் உபரி. இது 'என்' வகை. மூன்றே எலெக்ட்ரான்கள் உள்ள போரானைக் கலந்தால் ஒன்று குறையும். அந்தக் காலி இடத்துக்குப் பெயர் துளை. இது 'பி' வகை.

துளை எப்படி நகரும் என்று கேட்பவர்கள் தரிசன வரிசையை நினைத்துக்கொண்டால் போதும். முன்னால் இருப்பவர் ஓர் அடி எடுத்து வைத்ததும் அவருக்குப் பின்னால் காலி இடம் உண்டாகிறது. அடுத்தவர் அதில் நகர்கிறார். காலி இடம் அவருக்குப் பின்னால் போகிறது. பக்தர்கள் முன்னே போகப் போக, காலி இடம் பின்னே வந்துகொண்டே இருக்கும். எலெக்ட்ரான்கள் ஒரு பக்கம் போக, துளைகள் எதிர்ப்பக்கம் போவது இப்படித்தான்.

'பி'யும் 'என்'னும் ஒரே படிகத்தில் சந்திக்கும் இடத்தில்தான் விசேஷம். எல்லையின் அருகே உள்ள உபரி எலெக்ட்ரான்கள் தாண்டிப் போய்த் துளைகளை நிரப்பிவிடுகின்றன. அதனால் எல்லையின் இருபுறமும் ஆள் நடமாட்டமில்லாத ஒரு மெல்லிய பட்டை உருவாகிறது. அதில் எழும் மின்தடுப்பு மேற்கொண்டு யாரும் தாண்டாதபடி பார்த்துக்கொள்கிறது. பேட்டரியின் பாசிட்டிவ் முனையை 'பி' பக்கமும் நெகட்டிவை 'என்' பக்கமும் கொடுத்தால் தடுப்பு தாழ்கிறது. சிலிக்கானில் சுமார் 0.6 முதல் 0.7 வோல்ட் வந்ததும் மின்சாரம் தாராளமாகப் பாய்கிறது. முனைகளை மாற்றிக் கொடுத்தால் பட்டை இன்னும் அகலமாகிறது. கதவு சாத்தப்படுகிறது. அளவுக்கு மீறிய வோல்டேஜைக் கொடுத்தால் மட்டுமே அந்தக் கதவு உடையும்.

கடைகளில் கிடைக்கும் மிகச் சாதாரண டயோடான 1என்4007-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு நிறம், அரிசி மணியைவிடச் சற்றுப் பெரியது, ஒரு முனையில் வெள்ளிக் கோடு. கோடு இருக்கும் பக்கம் மின்சாரம் வெளியேறும் பக்கம். ஒரு ஆம்பியர் மின்சாரத்தைக் கடத்தும். எதிர்த்திசையில் 1000 வோல்ட் வரை தாங்கும்.

நான்கு காவலர்கள்

ஒரே ஒரு டயோடை வைத்தால் ஏசியின் ஒரு பாதி மட்டும் கடக்கும். மறுபாதி வீணாகும். விநாடிக்கு 50 துடிப்புகள், நடுவில் இடைவெளிகள். இது அரை அலை ரெக்டிஃபயர். நான்கு டயோடுகளைப் பாலம் போல இணைத்தால், அலை எந்தத் திசையில் வந்தாலும் இரண்டு டயோடுகள் அதை வாங்கி ஒரே வாசல் வழியாக வெளியே அனுப்பும். அடுத்த பாதியில் மற்ற இரண்டும் வேலை செய்யும். இப்போது விநாடிக்கு 100 துடிப்புகள். கூடவே ஒரு பெரிய கெப்பாசிட்டரை வைத்தால் துடிப்புகளின் பள்ளங்கள் நிரம்பி, ஏறக்குறைய சமமான டிசி கிடைக்கும். குழாயில் தண்ணீர் விட்டுவிட்டு வந்தாலும் மாடியில் ஒரு தொட்டி இருந்தால் வீட்டுக்குள் சீராக விழுகிறதல்லவா, அதே கதை.

கணக்கு தெரியாமல் கை வைக்கிறவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் என்றால் அலையின் உச்சி 12 அல்ல, சுமார் 17 வோல்ட். பாலத்தில் எப்போதும் இரண்டு டயோடுகளைக் கடக்க வேண்டியிருப்பதால் 1.4 வோல்ட் போய்விடும். மிச்சம் 15.6 வோல்ட். அதே கணக்கில் வீட்டு 230 வோல்ட்டின் உச்சி சுமார் 325 வோல்ட். செல்போன் சார்ஜருக்குள் முதலில் நடப்பது இந்த 230-ஐ நேராக ரெக்டிஃபை செய்வதுதான். பிறகுதான் அதை அதிவேகத்தில் துண்டு துண்டாக நறுக்கி, சிறிய டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 5 வோல்ட்டுக்கு இறக்குகிறார்கள். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் 300 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கலாம். பழைய சார்ஜரைத் திறந்து பார்க்கும் ஆர்வக்காரப் பிள்ளைகளின் பெற்றோர் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

ஈய ஊர்

திருப்பதியிலிருந்து ரேணிகுண்டா பக்கம் சற்றுத் தூரத்தில் இருக்கிறது கரகம்பாடி. சித்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, அமெரிக்காவில் என்ஜினீயராக வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய கல்லா ராமச்சந்திர நாயுடு 1980-களின் நடுவில் இங்கே தொழில் தொடங்கினார். அமர ராஜா குழுமத்தின் பெயர் இன்று 'அமரான்' கார் பேட்டரியால் நாடெங்கும் தெரியும். அவ்வளவாக வெளியில் தெரியாதது, அதே குழுமத்தின் மற்றொரு நிறுவனம் பேட்டரி சார்ஜர்களையும் ரயில்வே சிக்னல்களுக்கான மின்வழங்கிகளையும் செய்து வந்தது. பேட்டரி பானை என்றால், ரெக்டிஃபயர் அதை நிரப்பும் குழாய். ஒன்றில்லாமல் மற்றொன்றுக்குப் பயனில்லை.

ரயில் நிலையத்தில் சிக்னல் விளக்கு, கரண்ட் போனதும் அணைந்துவிட்டால் என்ன ஆகும்? அதனால்தான் சிக்னல் அறையில் வரிசையாக பேட்டரிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். கரண்ட் இருக்கும்போது ரெக்டிஃபயர்கள் சிக்னலுக்கும் மின்சாரம் தந்து, பேட்டரியையும் நிரப்புகின்றன. ஒரு ரெக்டிஃபயர் பழுதானால் சுமையைத் தூக்க இன்னொன்று கூடுதலாகவே இருக்கும். நள்ளிரவில் ரேணிகுண்டா ஜங்ஷனைத் தாண்டும் ரயிலில் தூங்குகிறவர்களின் உயிர், தங்கள் பெயரைக்கூடக் கேட்டிராத அந்தப் பெட்டிகளின் பொறுப்பு.

பெரிய நிறுவனத்தில் இவ்வளவு எச்சரிக்கை. தெருவோர பேட்டரிக் கடையில்? சாதாரண ஈய அமில பேட்டரிக்கு 12 வோல்ட் என்று பெயர் இருந்தாலும், நிரப்ப 13.8 முதல் 14.4 வோல்ட் வரை வேண்டும். கட்டுப்பாடு எதுவும் இல்லாத மலிவு சார்ஜர், பேட்டரி நிரம்பிய பிறகும் தள்ளிக்கொண்டே இருக்கும். தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும். மூடிய அறை, ஒரு தீப்பொறி, அவ்வளவுதான். இதைவிட நயவஞ்சகமானது பழுதான டயோடு. அரை அலை சார்ஜரில் அந்த ஒரே டயோடு ஷார்ட் ஆகிவிட்டால் ஏசி நேராக பேட்டரிக்குள் போகும். ஒரு பாதி நிரப்பும், மறுபாதி உறிஞ்சும். பேட்டரி சூடாகும், நிரம்பாது. பாலத்தில் ஒரு டயோடு ஷார்ட் ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் கருகும், அல்லது ஃபியூஸ் போகும். ஒன்று அறுந்துபோனால் சார்ஜர் அரை அலைக்கு இறங்கி, இரவெல்லாம் ஓடியும் பேட்டரி பாதிதான் நிறையும். பல வீடுகளில் 'கம்பெனி பேட்டரியே மோசம்' என்று பழி சுமத்தப்படுவது பேட்டரி மீது. குற்றவாளி, சில ரூபாய் விலையுள்ள ஒரு டயோடாக இருக்கலாம்.

கண்டுபிடிப்பது கஷ்டமல்ல. கரண்டைத் துண்டித்து, டயோடின் ஒரு காலைக் கழற்றி, மல்டிமீட்டரை டயோடு சோதனைக்குத் திருப்பி வைக்கவும். சிவப்பு முள் ஒரு பக்கம், கறுப்பு முள் கோடு உள்ள பக்கம். 0.5-க்கும் 0.7-க்கும் இடையில் ஓர் எண் வர வேண்டும். முட்களை மாற்றினால் எதுவும் வரக்கூடாது. இரண்டு பக்கமும் பூஜ்யத்தை ஒட்டி எண் வந்தால் ஷார்ட். இரண்டு பக்கமும் வராவிட்டால் அறுந்துவிட்டது. இரண்டே நிமிட வேலை.

இந்த ஈய ஊரில் சொல்ல வேண்டிய பழைய கதை ஒன்றும் உண்டு. உலகின் முதல் டயோடுகள் சிலிக்கானில் செய்யப்படவில்லை. 1874-ல் ஜெர்மானிய விஞ்ஞானி ஃபெர்டினாண்ட் பிரான், சில தாதுப் படிகங்களில் ஊசி முனையை வைத்தால் மின்சாரம் ஒரு திசையில் அதிகமாகப் பாய்வதைக் கண்டார். அவற்றில் முக்கியமானது கலீனா. அது ஈயத்தின் தாது. கல்கத்தாவில் ரேடியோ அலைகளை ஆராய்ந்துகொண்டிருந்த ஜகதீஷ் சந்திர போஸ், அதே கலீனாவை அலைகளைப் பிடிக்கும் கருவியாக்கினார். 1901-ல் விண்ணப்பித்து 1904-ல் அவர் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை, செமிகண்டக்டர் கருவிக்கான மிகப் பழைய காப்புரிமைகளில் ஒன்று.

எஞ்சினுக்குள் பாலம்

சென்னை சென்ட்ரலிலிருந்து காலையில் சப்தகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்துத் திருப்பதி போகும் குடும்பங்களுக்கு, தலைக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் ஏசி இருப்பது தெரிந்திருக்கலாம். இந்திய ரயில்வே அந்த முறையைத் தேர்ந்தெடுத்தது 1957-ல். ஆனால் எஞ்சின் சக்கரங்களைச் சுழற்றிய மோட்டார்களோ டிசி. எஞ்சினுக்குள்ளேயே ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் ரெக்டிஃபயரும் வைத்தார்கள். முதலில் இறக்குமதியான எஞ்சின்களில் இருந்தவை பாதரச ரெக்டிஃபயர்கள். பாதரச ஆவியில் எழும் மின்வில் ஒரு திசையில் மட்டும் கடத்தும் என்பது தத்துவம். ஓடும் எஞ்சினில் குலுங்கும் பாதரசத்தைக் கட்டிக்காப்பது தலைவேதனை.

1970-களில் சித்தரஞ்சனில் தயாரான டபிள்யூஏஎம்-4 எஞ்சின்களில் பாதரசத்தின் இடத்தைச் சிலிக்கான் டயோடுகள் பிடித்தன. 2015 வரை தயாரான டபிள்யூஏபி-4 எஞ்சினிலும் அதே சிலிக்கான் பாலம்தான். கடைத் தெருவில் கிடைக்கும் அரிசி மணி டயோடுக்கும் இவற்றுக்கும் தத்துவம் ஒன்று, அளவு வேறு. ஒரு டயோடில் ஒரு வோல்ட் நஷ்டமானாலும் அதில் நூறு ஆம்பியர் பாய்ந்தால் நூறு வாட் வெப்பம். பல நூறு ஆம்பியர்கள் பாயும் எஞ்சினில், டயோடுகளை உலோகச் சிறகுகளின் மேல் பொருத்தி, விசிறியால் காற்று அடித்துக் குளிர்விக்க வேண்டியிருந்தது. பிற்பாடு வந்த டபிள்யூஏபி-7 போன்ற எஞ்சின்களில் மோட்டார்களே மூன்று கட்ட ஏசிக்கு மாறிவிட்டன. இருந்தும், கம்பியிலிருந்து வரும் ஏசி அங்கேயும் முதலில் டிசியாகிறது. பிறகுதான் மோட்டாருக்கு வேண்டிய வடிவில் மீண்டும் ஏசியாகிறது.

வானத்துக்குக் காது

திருப்பதி - சித்தூர் மார்க்கத்தில், பாகாலாவை நெருங்கும் வழியில் காதங்கி. சுற்றிலும் குன்றுகள், நகரத்து மின்னிரைச்சல் எட்டாத இடம். இங்கே சுமார் 130 மீட்டர் சதுர மைதானத்தில் 1,024 ஆண்டெனாக்கள் பயிர்போல நிற்கின்றன. பழைய வீட்டு மாடி டி.வி. ஆண்டெனாவின் ஜாதிதான். 1990-களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கிய எம்எஸ்டி ரேடார் இது. 53 மெகாஹெர்ட்ஸ் அலைகளை மேலே அனுப்பி, காற்று மண்டலத்திலிருந்து வரும் மிக மெல்லிய எதிரொலியைக் கேட்டு, பல கிலோமீட்டர் உயரத்தில் காற்று எந்தப் பக்கம், எந்த வேகத்தில் வீசுகிறது என்று சொல்லிவிடும். பருவமழையையும் புயலையும் புரிந்துகொள்ள உதவும் விவரம் இது. இந்த மையம் இன்று தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடமாக இயங்குகிறது.

ஆரம்ப வடிவில், அனுப்பும்போது இந்த ரேடாரின் உச்ச சக்தி 2.5 மெகாவாட்டாக இருந்தது. திரும்பி வரும் எதிரொலியோ அதற்கு முன் இருப்பதாகவே சொல்ல முடியாத அளவு. அனுப்புவதும் கேட்பதும் ஒரே ஆண்டெனாவில். கத்துகிறவனும் அவனுடைய எதிரொலிக்குக் காது கொடுக்கிறவனும் ஒரே ஆள் என்றால், கத்தும் நேரத்தில் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். ரேடார்களில் பொதுவாக இந்தக் காதைப் பொத்தும் வேலையை வேகமான டயோடு சுவிட்சுகள் செய்கின்றன. மைக்ரோ விநாடிக் கணக்கில் மூடித் திறக்க கையால் இயக்கும் சுவிட்சால் ஆகாது.

ரேடாருக்கும் டயோடுக்கும் உறவு பழையது. இரண்டாம் உலகப் போரின்போது ரேடாரின் உயர் அதிர்வெண்களைப் பிடிக்க, கண்ணாடிக் குமிழுக்குள் இருந்த வெற்றிடக் குழாய் டயோடுகள் திணறின. அப்போது விஞ்ஞானிகள் மறந்துபோன படிக டயோடை மீண்டும் எடுத்தார்கள். அதற்காக சிலிக்கானையும் ஜெர்மானியத்தையும் சுத்தம் செய்யக் கற்றார்கள். 1940-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ரஸ்ஸல் ஓல், விரிசல் விட்ட ஒரு சிலிக்கான் துண்டின் மேல் வெளிச்சம் பட்டதும் மின்னழுத்தம் எழுவதைப் பார்த்துத் திகைத்தார். விரிசலின் ஒரு பக்கம் 'பி', மறுபக்கம் 'என்'. தற்செயலாகக் கிடைத்த அந்த எல்லைதான் இன்றைய டயோடுக்கும் சோலார் பலகைக்கும் மூதாதை. 1947-ல் அதே ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது.

முதல் பாடம்

முன்பு ஒரே சித்தூர் மாவட்டமாக இருந்த பகுதியிலிருந்து 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானது. அதன் கிழக்கு ஓரத்தில், தமிழ்நாட்டு எல்லையைத் தொட்டபடி ஸ்ரீசிட்டி. அங்கே 2015-ல் செல்போன் அசெம்பிளி தொடங்கியபோது வரிசையில் உட்கார்ந்தவர்களில் கிராமத்துப் பெண்கள் கணிசம். எல்லைக்கு இந்தப் பக்கம் ஸ்ரீபெரும்புதூரிலும் அதே காட்சி. இந்த வேலைகள் எத்தனை நாள் நிலைக்கும் என்பது தொழிற்சாலை முதலாளியின் கையில் மட்டும் இல்லை. பலகையில் பொருத்தப்படும் பொருள் என்ன செய்கிறது என்று தெரிந்தவர் சோதனைப் பிரிவுக்கும், பழுது பார்க்கும் பிரிவுக்கும் போக முடியும். தெரியாதவர் ஸ்க்ரூவோடு நிற்க வேண்டியதுதான்.

சந்து முனையில் மல்டிமீட்டரோடு உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்குக்கும் அதே விதி. 'போர்டையே மாத்திடுங்க' என்று சொல்வது சுலபம். கருகிய பாலத்தைக் கண்டுபிடித்து, சரியான ஆம்பியரும் வோல்டேஜும் உள்ள டயோடைப் போட்டுத் தருகிறவரிடம்தான் வாடிக்கையாளர் மறுபடி வருவார். 50 வோல்ட் தாங்கும் டயோடை 230 வோல்ட் பாதையில் போட்டால் அது சுவிட்சைத் தட்டிய மறுகணம் வெடிக்கும். மேலே பார்த்த 325 என்ற உச்சியைக் கணக்கில் எடுப்பவர் 1000 வோல்ட் டயோடைக் கேட்டு வாங்குவார். இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் தெரிந்துகொள்வதில்தான்.

மலையிலிருந்து இறங்கும் பஸ் அலிபிரியை நெருங்குகிறது. சரிவு முடிகிறது. இனி மோட்டார் மறுபடியும் மோட்டார்தான். பாதை நெடுக அது திருப்பித் தந்த மின்சாரம் பேட்டரியில் பத்திரமாக இருக்கிறது. வெளியே கசியாதபடி, வந்த வழியே திரும்பாதபடி, டயோடுகள் கதவைச் சாத்திக்கொண்டு நிற்கின்றன.